ஜனநாயகத்தை வளர்க்கக் கிளம்பிய கொள்கை நிறுவனங்கள்: கேட்டதும் சொன்னதும்

தேர்தல் கண்காணிப்பு, குடிமைப் பயிற்சி, மனித உரிமை என்று வேலை செய்யும் கொள்கை நிறுவனங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இதெல்லாம் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் வேலைதானே? எதற்கு இவ்வளவு மரியாதை?

சந்தேகம் ஆதாரமில்லாமல் வந்ததல்ல. அமெரிக்க மாணவர் சங்கத்துக்கு சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது 1967-ல் அம்பலமானது. அதற்கப்புறம்தான், கொடுப்பதை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1982 ஜூனில் அமெரிக்க அதிபர் ரீகன், ஜனநாயகத்தை வளர்க்க உதவுவதைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார், அடுத்த வருடமே ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம் (என்இடி) உருவானது. அதன் கீழ் நான்கு அமைப்புகள்: ஜனநாயகக் கட்சியோடு தொடர்புடைய என்டிஐ, குடியரசுக் கட்சியோடு தொடர்புடைய ஐஆர்ஐ, வணிகர்கள் சார்பில் ஒன்று, தொழிற்சங்கங்கள் சார்பில் ஒன்று. பணம் பெரும்பாலும் அமெரிக்க காங்கிரஸ் ஒதுக்குவது. ஜெர்மனியில் கட்சி சார்ந்த அறக்கட்டளைகள் இதே வேலையை அதற்கு முன்பிருந்தே செய்து வந்தன.

ஆனால் வெளிப்படையான பணம் என்பதாலேயே அது நடுநிலையான பணம் ஆகிவிடாது. எந்த நாட்டில் குரல் உயர்கிறது, எந்த நட்பு நாட்டு மன்னர் முன்னால் அது தாழ்கிறது என்று பாருங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வெளியிடுகிறார்களா, என்ன வேலை செய்வது என்பதை உள்ளூர்க்காரர்கள் தீர்மானிக்கிறார்களா, இந்த இரண்டையும் கேட்காமல் எந்த நிறுவனத்தையும் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: கருத்தரங்கம் நடத்துவது, அறிக்கை போடுவது தவிர உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். சிலி, 1988 அக்டோபர் 5. ராணுவ சர்வாதிகாரி பினோசே மேலும் எட்டு வருடம் ஆளலாமா, வேண்டாமா என்று பொதுவாக்கெடுப்பு. எண்ணுவது அவருடைய அரசு, அறிவிப்பதும் அவருடைய அரசு என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எதிர்க்கட்சிகளும் தன்னார்வலர்களும் தனியாக எண்ணுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதற்கான நுட்ப உதவி என்டிஐயிடமிருந்து வந்தது.

முறை இதுதான். நாடு முழுவதும் உள்ள வாக்குச்சாவடிகளில் சிலவற்றைப் புள்ளியியல் முறைப்படி குலுக்கலில் தேர்ந்தெடுக்க வேண்டும், நமக்குப் பழக்கமான இடம், போய்வர வசதியான இடம் என்று எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு சாவடியிலும் ஒருவர் கதவு திறப்பதிலிருந்து எண்ணி முடிக்கும்வரை நகராமல் இருந்து, அங்கே அறிவிக்கும் எண்களை அப்படியே குறித்துத் தலைமையிடத்துக்குச் சொல்வார். யாரிடமும் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்பதில்லை. எண்ணி முடித்த ஓட்டைத்தான் கணக்கில் எடுப்பது.

அன்று இரவு அரசு இழுத்தடித்தது, முதலில் பினோசேவுக்குச் சாதகமான எண்களை விட்டது. எதிரணியின் கையில் வேறு கணக்கு இருந்தது. நள்ளிரவை ஒட்டி, அதிபர் மாளிகைக்குள் நுழைந்த விமானப்படைத் தளபதி மத்தேயி, ‘வேண்டாம்’ தரப்பு ஜெயித்துவிட்டது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். முடிவில் சுமார் 56 சதவீதம் ‘வேண்டாம்’. ஜெயித்தது சிலி மக்கள், நிறுவனம் ஒரு கருவியைக் கையில் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இரவில் அந்தக் கருவி இல்லாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஃப்ரீடம் ஹவுஸ் மதிப்பெண்ணை நம்பலாமா? இந்தியாவுக்குக் குறைத்துப் போட்டார்களே.

ஃப்ரீடம் ஹவுஸ் என்பது ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று மதிப்பெண் போடும் அமெரிக்க நிறுவனம். 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4. அரசியல் உரிமைக்கு 40, குடிமைச் சுதந்திரத்துக்கு 60. போடுவது ஆய்வாளர்களின் மதிப்பீடு, அளவுகோல் வைத்து அளப்பது இல்லை. 2021 அறிக்கையில் இந்தியா ‘ஓரளவு சுதந்திரம்’ என்ற பட்டியலுக்கு இறங்கியது, அரசு அதைக் கடுமையாக மறுத்தது. மொத்த எண்ணை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. எந்தக் கேள்வியில் மதிப்பெண் குறைந்தது, அதற்கு என்ன சம்பவத்தைக் காட்டுகிறார்கள் என்று படியுங்கள், அந்தச் சம்பவம் நடந்ததா என்று நீங்களே சரிபார்க்கலாம்.

கேள்வி: அக்கா, இவர்களோடு வேலை செய்தால் ஆபத்து உண்டா?

நாட்டைப் பொறுத்தது தம்பி. எகிப்தில் 2011 டிசம்பரில் இப்படிப்பட்ட அமைப்புகளின் அலுவலகங்களில் சோதனை, 2013-ல் அவற்றில் வேலை செய்த 43 பேருக்குத் தண்டனை, அதில் வெளிநாட்டவர் பலர் முன்பே விமானம் ஏறிவிட்டார்கள், எகிப்தியர்களுக்கு அந்த வசதி இல்லை. விடுதலைத் தீர்ப்பு வந்தது 2018-ல்தான். ரஷ்யா 2015-ல் என்இடியை ‘விரும்பத்தகாத அமைப்பு’ என்று அறிவித்தது. இதைச் சொல்லாமல் இளைஞர்களைச் சேர்க்கும் நிறுவனம் எனக்குக் கோபமூட்டுகிறது.

கேள்வி: தலைமைப் பயிற்சி என்று கூட்டிப்போகிறார்களே, பலன் உண்டா?

சான்றிதழும் குழுப்படமும் மட்டும் என்றால் இல்லை. உங்கள் உள்ளாட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கையில் கொடுத்து, ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதி எங்கே என்று கேட்கப் பழக்கினால் உண்டு. விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சி முடிந்த ஆறு மாதத்தில் பழைய மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள்.