உப்பளத்துப் படங்கள்: விமர்சனம் சொல்வதும் பெறுவதும்

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் படமெடுத்து வரும் இளைஞர்கள் சிலர் தங்கள் படங்களையும், அவற்றைப் பற்றிக் கேட்ட விமர்சனங்களையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் படங்களைப் பார்க்கும் எல்லோரும் "அருமை" என்று மட்டும் சொல்கிறார்கள். பயனுள்ள விமர்சனத்தைப் பெறுவது எப்படி? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

"படம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் கிடைக்கும். "இவர் என்ன வேலை செய்கிறார் என்று புரிகிறதா? உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? அடுத்த நொடி இவர் கை எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள் அம்மா. நீங்கள் அனுப்பியதில் ஒரு பெண் பாத்தியில் குனிந்து நிற்கிறார். அவர் பிடித்திருக்கும் பலகையோ சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. பாத்தியின் தரையில் படிந்திருக்கும் உப்பை நீண்ட கைப்பிடி கொண்ட அந்தப் பலகையால் வரப்பு வரை இழுத்துச் சேர்ப்பதுதான் அவருடைய வேலை என்பதால், பலகை இல்லாத படத்தில் தண்ணீரில் குனிந்து நிற்கும் ஒருவர்தான் தெரிகிறாரே தவிர உழைப்பு தெரியவில்லை. உழைப்பாளர்களைப் பற்றிய படத்தில் நான் முதலில் பார்ப்பது, எடுத்தவர் அந்த வேலையைப் புரிந்துகொண்டிருக்கிறாரா என்பதைத்தான். அழகு அதற்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: நண்பர் ஒருவரின் படங்களில் உப்பு சாம்பல் நிறமாகவும் முகங்கள் கரியாகவும் இருக்கின்றன. இதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

காரணத்தோடு சொன்னால் நோகாது. கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கணக்கிடுகிறது. வெயிலில் கண்கூசும் உப்புக் குவியலை அதன் முன் வைத்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது உப்பும் மங்கிவிடும், முகமும் இருண்டுவிடும். ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர்) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்) கூட்டியோ, முகத்தை மட்டும் அளந்தோ எடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இன்னொரு வகைக் கருமையும் உண்டு. "உழைப்பின் கடுமை தெரிய வேண்டும்" என்று எடிட்டிங்கில் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) ஏற்றி, ஒவ்வொரு சுருக்கத்தையும் செதுக்கி, தோலை உள்ளதைவிடக் கருமையாக்கிவிடுகிறார்கள். இதைப் பாராட்டுகிறவர்கள் ஏராளமாக இருப்பதாலேயே இது பரவிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாள் முழுவதும் உப்பு நீரில் நிற்கும் காலின் வெடிப்பும் கண்ணைச் சுருக்க வைக்கும் வெளிச்சமும் கடுமையை உள்ளபடியே சொல்லிவிடும். ஆகவே நண்பரிடம் "இது எடுக்கும்போது நேர்ந்ததா, பிறகு நீங்கள் செய்ததா?" என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கேற்ப உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: "வறுமையைக் காட்டி அனுதாபம் தேடுகிறாய்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

உடனே பதில் சொல்ல வேண்டாம். தொடர் முழுவதையும் மேசையில் பரப்பி வையுங்கள். எத்தனை படங்களில் அவர்கள் உங்களை நேராகப் பார்க்கிறார்கள், எத்தனையில் கைத்திறன் தெரிகிறது, எத்தனையில் சோர்ந்த முகம் மட்டும் இருக்கிறது என்று எண்ணினால், அவர் சொன்னது நியாயமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

படக்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். 1936இல் கலிஃபோர்னியாவில் டோரோத்தியா லாங், குழந்தைகளோடு அமர்ந்திருந்த ஒரு பண்ணைத் தொழிலாளியைப் படமெடுத்தார். அவருடைய பெயரை லாங் கேட்கவில்லை. படம் உலகப் புகழ் பெற்றது. அதிலிருந்தவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1970களின் பிற்பகுதியில்தான் வெளியே தெரிந்தது, தமக்கு அந்தப் படத்தால் எதுவும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அதற்கும் முன்பே, 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், பெயர், வயது, வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டதோடு, தம் சட்டைப் பொத்தான்களை அளவாக வைத்துக் குழந்தைகளின் உயரத்தையும் கணித்துக்கொண்டார். "வெண்தங்கத்தின் கண்ணீர்" என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில், அந்த அம்மா சம்மதித்தால் அவர் பெயரையும், எந்த அளம், என்ன வேலை, எந்த மாதம் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: எல்லா விமர்சனத்தையும் பலர் முன்னிலையில் சொல்லலாமா?

ஒன்றை மட்டும் சொல்லக் கூடாது. ஒரு படத்தால் தொழிலாளியின் வேலைக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால், உதாரணமாக அளத்தின் குறை ஒன்றும் அவர் முகமும் ஒரே படத்தில் தெளிவாக இருந்தால், எடுத்தவரைத் தனியாக அழைத்து அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தொழிலாளர்களிடமே படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கலாமா? அவர்களுக்குப் புகைப்படக் கலை தெரியாதே?

வேலை தெரியுமே! ஒரு முறை இளைஞர் ஒருவர் தம் படத்தை அளத்தில் காட்டியபோது நானும் உடனிருந்தேன். நகரத்தில் எல்லோரும் புகழ்ந்த படம் அது. மூத்த தொழிலாளி ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, உப்பே விளையாத பாத்தியில பலகையப் போட்டு இழுக்கச் சொன்னீகளா?" என்று கேட்டார். படத்தில் வெறும் நீர்தான் இருந்தது. சொல்லி நிற்கவைத்து எடுத்த படம் என்பதை எங்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வேலை நேரத்தில் போய் நிற்காதீர்கள். அவர்கள் கரையேறிய பிறகு போங்கள். தொலைபேசித் திரையில் காட்டுவதைவிட அச்சிட்டுக் கொண்டுபோவது நல்லது, ஏனென்றால் அது கைமாறும், நாலு பேர் பேசுவார்கள், அந்தப் பேச்சில்தான் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். முதலாளியோ மேற்பார்வையாளரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்ட சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் "இது வேண்டாம்" என்றால், அது உங்கள் தொடரிலேயே சிறந்த படமாக இருந்தாலும், காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். அச்சிட்ட படங்களை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.