மச்சான் காட்டும் ஏரிக்கரைக் கொண்டோவை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். எனக்கு 52 வயது. ஸ்காபரோவில் இருக்கிறோம். நான் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர், மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இருவருக்கும் சேர்த்து வருடம் 136,000 டொலர் வருமானம். 2009இல் வாங்கிய வீடு இன்றைக்கு 980,000 அளவில் போகும். மோட்கேஜ் 212,000 மிச்சம். வீட்டின் மேல் 350,000 வரை லைன் ஒவ் கிரெடிட் இருக்கிறது. அதில் 118,000 எடுத்திருக்கிறோம்: 2017இல் மனைவியின் அண்ணாவின் கடைக்கு 40,000, 2019இல் ஊரில் அம்மாவின் வீடு திருத்த 22,000, 2022இல் மகளின் சாமத்திய வீட்டுக்கு 30,000, 2024இல் வானுக்கு 26,000. வட்டி, வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைமுக்கு மேல் முக்கால் வீதம், இப்போது 5.2 வீதம். வட்டி மட்டும் ஒழுங்காகக் கட்டி வருகிறோம், ஒரு மாதமும் தவறியதில்லை.

இப்போது அதே மச்சான் ரொறன்ரோ ஏரிக்கரையில் ஹம்பர் பே பக்கம் ஒரு கொண்டோவைக் காட்டுகிறார். 1990களில் கட்டிய உயர்ந்த கட்டடம், 28ஆம் மாடி, இரண்டு படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் ஏரி. உள்ளே முழுக்கப் புதுப்பித்திருக்கிறார்கள். 949,000 கேட்டவர்கள் 895,000க்கு இறங்கிவிட்டார்கள். கட்டடப் பராமரிப்புக்கான மெயின்ரனன்ஸ் மாதம் 1,240, சொத்து வரி 290. வாடகை 3,600 வரும் என்கிறார். அவருக்குக் கிரெடிட் சரியில்லாததால் எங்கள் பெயரில் வாங்கி, கட்டுவதில் பாதியை அவர் தருவாராம். முன்பணம் லைனில் இருந்து. "சும்மா கிடக்கிற காசுதானே" என்கிறார். வங்கி மறுத்தாலும் தனக்குத் தெரிந்த புரோக்கர் வருமானத்தைக் கூட்டிக் காட்டிச் சரிப்படுத்துவாராம். வெள்ளிக்கிழமைக்குள் ஓபர் போட வேண்டும். மனைவிக்கு அண்ணாவிடம் இல்லை என்று சொல்ல மனமில்லை. எனக்கு இரவில் நித்திரை இல்லை. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கொண்டோவைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது "வட்டி மட்டும் ஒழுங்காகக் கட்டி வருகிறோம்" என்ற வரியைத்தான். அதைக் கொஞ்சம் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்குக் கேடு அங்கேதான் தொடங்கியது.

2017இல் கொடுத்த 40,000ஐ எடுங்கள். அந்த லைனின் வட்டி இந்த எட்டு வருடத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. சராசரியாக ஐந்து வீதம் என்று வைத்தால் வருடம் 2,000, எட்டு வருடத்துக்கு 16,000 டொலர். அவ்வளவும் கட்டிய பிறகும் நிற்கிற கடன் அதே 40,000. மச்சான் அதில் எவ்வளவு திருப்பித் தந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. தந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பிரைம் ஏறினால் இந்த லைனின் வட்டியும் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் 2022ஐ மறந்துவிட்டீர்கள் போல. அந்த வருடத் தொடக்கத்தில் கனடா மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதம், பிரைம் 2.45. அடுத்த வருடம் யூலையில் வங்கி வட்டி 5 வீதத்துக்கும் பிரைம் 7.20க்கும் போனது. வான் வாங்குவதற்கு முன் உங்கள் கடன் 92,000. பழைய வட்டியில் அதற்கு மாதம் சுமார் 245 டொலர் வரும், 2023இன் வட்டியில் 610. கடன் தொகை ஒரு சதமும் கூடவில்லை, கட்டுவது மட்டும் இரண்டரை மடங்கு. இப்போது மச்சான் சொல்வதைக் கேட்டால் அந்த லைனில் நிற்கப்போவது 118,000 அல்ல, 328,000.

எப்படி 328,000 என்று பாருங்கள். நீங்கள் குடியிருக்காத வீட்டுக்கு முன்பணம் குறைந்தது 20 வீதம், அதாவது 179,000. ரொறன்ரோ நகரத்துக்குள் வாங்கினால் காணி மாற்று வரி இரண்டு தரம், ஒன்ராறியோ மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. 895,000க்கு ஒவ்வொன்றும் 14,375, இரண்டும் சேர்ந்து 28,750. இதை மச்சான் சொன்னாரா? வழக்கறிஞர் செலவையும் சேர்த்தால் 210,000. ஏற்கெனவே உள்ள 118,000ஐக் கூட்டுங்கள். பிரைம் மீண்டும் 7.20க்குப் போனால் அந்த 328,000க்கு வட்டி மட்டும் மாதம் 2,170 டொலர்.

இனி மாதக் கணக்கு. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்றே வைப்போம். 716,000க்கு மோட்கேஜ், 4.5 வீதத்தில் 30 வருடத்துக்கு, மாதம் 3,610. புதிதாக எடுத்த 210,000க்கு வட்டி 910. மெயின்ரனன்ஸ் 1,240, வரி 290, காப்புறுதி ஒரு 50. ஆக 6,100. வாடகை 3,600. மாதம் 2,500 துண்டு விழுகிறது, வருடம் 30,000. கட்டுவதில் மாதம் 950 முதலுக்குப் போகிறது, அது உங்களுடையதுதான், மறுக்கவில்லை. வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம் என்று மச்சான் சொல்வார், அதுவும் சரி. உங்கள் வருமானத்துக்கு வரியில் ஐயாயிரம் அளவில் திரும்பலாம். ஆனால் அது அடுத்த வருடம் வரியில் வரும். 2,500 ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வேண்டும். ஒரு மாதம் வாடகைக்கு ஆள் இல்லாவிட்டால் 6,100.

இந்தக் கணக்கும் வங்கி கடன் தந்தால்தான். வங்கி உங்களுக்குத் தரும் வட்டிக்கு மேல் இரண்டு வீதம் கூட்டி, அதையும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்கும். 136,000 வருமானத்தில் இத்தனை கடனுக்கு அந்தச் சோதனை சரிவராது. மச்சானுக்கும் அது தெரியும், அதனால்தான் புரோக்கர் கதை வருகிறது. வருமானத்தைக் கூட்டிக் காட்டுவது மோசடி. விண்ணப்பத்தில் கையெழுத்து புரோக்கருடையதோ மச்சானுடையதோ இல்லை, உங்களுடையதும் உங்கள் மனைவியுடையதும். தனியாரிடம் கடன் கேட்டுப் போனால் 4.5 வீதத்தை மறந்துவிடுங்கள், மேலே நான் போட்ட கணக்கு எல்லாம் இன்னும் மோசமாகும்.

கொண்டோவைப் பற்றி. ஹம்பர் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் அந்தக் கரை அழகானது, நானும் கோடையில் அங்கே நடக்கப் போகிறவன். ஒரு காலத்தில் லேக் ஷோர் வீதியோரம் மோட்டல்கள் வரிசையாக இருந்த இடம் இப்போது கோபுரம் கோபுரமாக நிற்கிறது. ஆனால் நீங்கள் எனக்கு எழுதியது முழுவதும் கதவுக்கு உள்ளே இருப்பதைப் பற்றி. விற்பவர் புதுப்பித்தது தன் அலகின் சமையலறையை, நிலத்தை, குளியலறையை. லிப்ட், கூரை, ஜன்னல் கண்ணாடி, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தின் நீர் ஒழுக்கு, சுவருக்குள் ஓடும் குழாய், இவை எல்லாம் கட்டடத்தின் பொது. 30 வயதுக் கட்டடத்தில் பெரிய செலவு அங்கேதான் இருக்கிறது. பெரிய திருத்தங்களுக்கென்று கட்டடம் சேர்த்து வைக்கும் சேமநிதி போதாவிட்டால் நிர்வாகம் எல்லா உரிமையாளர்களிடமும் சிறப்பு அறவீடு கேட்கும். அது எத்தனை ஆயிரம் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மூன்று வருடத்துக்கும் சேமநிதி ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். அந்த விவரம், நடக்கும் வழக்குகள், மெயின்ரனன்ஸ் நிலுவை எல்லாம் நிர்வாகம் தரும் ஸ்ரேற்றஸ் சேர்ட்டிபிக்கற்றில் வரும். அதற்கு நிர்வாகம் 100 டொலருக்கு மேல் கேட்க முடியாது, பத்து நாளுக்குள் தர வேண்டும். அதைப் பார்க்கும் முன் வெள்ளிக்கிழமை ஓபர் போடச் சொல்கிறவர் உங்கள் நன்மைக்காக அவசரப்படவில்லை.

குழாய் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1990களின் நடுவில் இருந்து 2000களின் நடுப்பகுதி வரை ரொறன்ரோவில் பல கட்டடங்களில் கைட்டெக் என்ற பிளாஸ்ரிக் குழாய் போட்டார்கள். இணைப்புகள் அரித்து வெடித்துத் தண்ணீர் வந்த கதைகள் நிறைய. அதனால் இழப்பீட்டு வழக்கும் நடந்தது, இழப்பீடு கேட்கும் காலம் 2020 யனவரியோடு முடிந்துவிட்டது. நீங்கள் சொல்லும் கட்டடத்தில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். சில காப்புறுதி நிறுவனங்கள் அந்தக் குழாய் உள்ள வீட்டை எடுக்கவே தயங்கும். சமையலறைக் குவார்ட்ஸ் மேடையைப் பார்த்தால் அதற்குப் பின்னால் எந்தக் குழாய் என்று தெரியாது.

வாடகை ஏறும், மெல்ல மெல்லச் சரிவரும் என்றும் சொல்லியிருப்பார்கள். 2018 நவம்பர் 15க்கு முன் ஆட்கள் குடியிருந்த கட்டடத்துக்கு மாகாணத்தின் வாடகைக் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்பவர் மாறாத வரை அரசு சொல்லும் வீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 2025க்கு அது 2.5 வீதம், 2026க்கு 2.1. உங்கள் 3,600க்கு 2.1 வீதம் என்றால் மாதம் 75 டொலர். மெயின்ரனன்சுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அது ஐந்து வீதம் ஏறினால் 62 டொலர் அங்கேயே போய்விடும். மிச்சம் 13 டொலரை வைத்து 2,500 துண்டு எத்தனை வருடத்தில் மூடும் என்று நீங்களே பாருங்கள்.

விலை 54,000 இறங்கிவிட்டது என்பதை மச்சான் பெரிய லாபமாகக் காட்டுகிறார். ரொறன்ரோவில் கொண்டோ விலைகள் 2022இன் உச்சத்தில் இருந்து இறங்கி, விற்க வந்தவை விற்காமல் நிற்கின்றன. இறங்கிக்கொண்டிருக்கும் சந்தையில் வெள்ளிக்கிழமைக்கு என்ன அவசரம்? "ஏரிக்கரை", "சொகுசு", "உட்கார்ந்த இடத்தில் வருமானம்" என்று எங்கள் ஆட்களின் கொண்டாட்ட மண்டபங்களில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு நானும் போயிருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கும், மெயின்ரனன்ஸ் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கட்டி முடிக்காத கொண்டோவுக்கு அங்கே முன்பணம் கொடுத்து, இன்று வாங்கி முடிக்கவும் முடியாமல் கைமாற்றவும் முடியாமல் நிற்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த முன்பணத்தை எடுத்தது வீட்டு லைனில் இருந்துதான்.

இனி மச்சான். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சொல்வதைக் கவனியுங்கள்: கடன் உங்கள் பெயரில், உறுதி உங்கள் பெயரில், விற்கும்போது வரும் மூலதன லாப வரி உங்கள் பெயரில். அவருடைய பங்கு ஒரு வாக்குறுதி. துண்டில் பாதி, மாதம் 1,250 தருவேன் என்கிறவர் 40,000க்கு எட்டு வருடமாக எதுவும் தந்ததாக நீங்கள் எழுதவில்லை. அவர் ஒரு மாதம் நிறுத்தினால் வங்கி அவருடைய கதவைத் தட்டாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டாலும் வங்கிக்கு நீங்கள்தான் கடன்காரர்.

உங்கள் மனைவியின் மனம் எனக்கு விளங்குகிறது. கனடாவுக்கு வந்த புதிதில் அண்ணாதான் தோள் கொடுத்திருப்பார், அந்த நன்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த நன்றிக்காகத்தான் 40,000 கொடுத்தீர்கள், கேட்காமலும் இருந்தீர்கள். அவர் முன் "இல்லை" என்று சொல்வது மனைவிக்குக் கஷ்டம் என்றால், "எங்கள் லைனை வங்கியில் குறைத்துவிட்டோம்" என்று சொல்வது சுலபம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். இந்தக் கிழமையே வங்கிக்குப் போய் 350,000 எல்லையை 120,000க்கு இறக்கச் சொல்லுங்கள். எல்லையைக் கூட்டத்தான் அங்கே ஆர்வம் காட்டுவார்கள், நீங்கள் பிடிவாதமாக நில்லுங்கள். இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போடுங்கள். எடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் "சும்மா கிடக்கிற காசு" என்ற பேச்சும் வராது. சும்மா கிடக்கிறது என்று அவர் சொன்னது உங்கள் வீட்டின் மதிப்பை. அது 17 வருடம் நீங்கள் இருவரும் இரவு வேலை பார்த்துக் கட்டியது.

அதே நாளில் இன்னொன்றும் கேளுங்கள். அந்த 118,000ஐ லைனில் இருந்து எடுத்து, முதலும் வட்டியுமாகக் கட்டும் நிலையான பகுதியாக மாற்றித் தருவார்களா என்று. பல வங்கிகள் செய்கின்றன, இல்லாவிட்டால் மோட்கேஜ் புதுப்பிக்கும்போது சேர்க்கலாம். இப்போது மாதம் 511 வட்டி கட்டுகிறீர்கள். கொண்டோவின் துண்டில் உங்கள் பாதியாக 1,250 போடத் தயாராக இருந்தீர்கள். அந்த 1,250ஐ இந்த 511ஓடு சேர்த்துப் போடுங்கள், மாதம் 1,761. வட்டி இப்படியே நின்றால் ஆறு வருடம் எட்டு மாதத்தில் அந்த 118,000 முழுவதும் முடிந்துவிடும். அப்போது உங்களுக்கு 59 வயது இருக்கும். உங்கள் ஓய்வுகாலத்துக்கு அந்த 1,761 அன்றில் இருந்து மாதாமாதம் உங்கள் கையில் நிற்கும், அதை வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட இடமும் இருக்கும்.

மாதம் 1,250 முடியாது, மகளின் பல்கலைக்கழகச் செலவு வருகிறது என்றால் 1,000 கூட்டுங்கள், எட்டு வருடம் எடுக்கும். 1,000ம் முடியாது என்றால், கொண்டோவுக்கு 1,250 எங்கிருந்து வருவதாக இருந்தது என்று இருவரும் இருந்து பேசுங்கள்.

மச்சானிடம் 40,000ஐப் பற்றிப் பேச இதைவிட நல்ல நேரம் வராது. கொண்டோவில் மாதம் 1,250 தர முடியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் 500ஐப் பழைய கடனுக்குத் தரச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். தந்தால் 80 மாதத்தில் அந்தக் கணக்கு முடியும். தராவிட்டால், கொண்டோவுக்கும் தந்திருக்க மாட்டார் என்பது உங்கள் மனைவிக்கு அந்த மேசையிலேயே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமைக்கு முன் முகவருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், வாங்கவில்லை என்று. கட்டுபவரிடம் நேரடியாகப் புதுக் கொண்டோ வாங்கினால்தான் ஒன்ராறியோவில் மனம் மாறப் பத்து நாள் உண்டு. இது ஒருவர் விற்கும் பழைய கொண்டோ, நிபந்தனை இல்லாமல் போட்ட ஓபரில் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பத்து நாள் உங்களுக்குக் கிடையாது. இதுவரை நீங்கள் கையெழுத்தும் போடவில்லை, டெபொசிற்றும் கொடுக்கவில்லை.