வாசகர் கேள்வி – பதில்: கடல் நடுவே அரசர் மாளிகை

கேள்வி: கலங்கரை விளக்கத்திற்கு உயரமான ஒரு கோபுரமும் உச்சியில் விளக்கும் இருந்தால் போதும். பிரான்சில் உள்ள கொர்துவான் கலங்கரை விளக்கத்திலோ அரசருக்கென ஓர் அறையும் சிற்றாலயமும் உள்ளனவாமே, ஏன்? அது மாலுமிகளுக்கு உண்மையிலேயே உதவியதா?
– ஒரு வாசகர், பழவேற்காடு

பதில்: முகத்துவாரத்து மணல்திட்டுகளின் தொல்லையைப் பழவேற்காட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பொர்தோ நகரத்துத் திராட்சை மதுவை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு ஜிரோந்த் முகத்துவாரம் அப்படிப்பட்ட இடம். அங்கே கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில், ஓதம் ஏறினால் மூழ்கி, நீர் வற்றினால் தலைகாட்டும் பாறைத்திட்டுதான் கொர்துவான். 14ஆம் நூற்றாண்டில், அப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது, அங்கே ஒரு கோபுரம் எழுப்பப்பட்டது. துறவி ஒருவர் அதன் உச்சியில் தீ மூட்டிவந்தார்.

அக்கோபுரம் சிதைந்த பிறகு, 1584இல் மூன்றாம் ஹென்றி மன்னர் புதியதொன்றைக் கட்டும் பொறுப்பை லூயி த ஃபுவா என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தார். எளிய கோபுரமாகத் தொடங்கிய பணியை அரச நினைவுச்சின்னமாக மாற்றியவர் அடுத்து வந்த நான்காம் ஹென்றி. மதப் போர்களால் குலைந்திருந்த நாட்டில், சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையிலிருந்து கத்தோலிக்கத்திற்கு மாறி அரியணையை உறுதிப்படுத்திக்கொண்ட அவருக்கு, அயல்நாட்டுக் கப்பல்கள் முதலில் காணும் கட்டடமே தம் அதிகாரத்தையும் சமயத்தையும் பறைசாற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் முதல் தளத்தில் அரசர் அறையும் அதற்குமேல் குவிமாடத்துடன் கூடிய சிற்றாலயமும் அமைந்தன. பணி 1611இல்தான் முடிந்தது. லூயி த ஃபுவா அதற்குள் இறந்துவிட்டார். அந்த அறையில் எந்த அரசரும் ஓரிரவுகூடத் தங்கியதில்லை என்பது வேறு கதை.

உதவியதா என்றால், உதவியது. ஆனால் குறைகளும் இருந்தன. 1782இல் நெருப்புக்குப் பதிலாக எதிரொளிப்பான்கள் பொருத்திய எண்ணெய் விளக்குகள் வைக்கப்பட்டபோது, ஒளி முன்பைவிட மங்கிவிட்டதென்று மாலுமிகள் முறையிட்டனர். அதன் பிறகு ஜோசப் தெலேர் என்ற பொறியாளர், பழைய மேற்பகுதியை அகற்றிவிட்டு, கோபுரத்தை ஏறத்தாழ 20 மீட்டர் உயர்த்தினார். இன்று அது 67.5 மீட்டர் உயரம். விளக்கறைக்குச் செல்ல 301 படிகள் ஏற வேண்டும். தூண்களும் சிற்ப வேலைப்பாடுகளும் நிறைந்த கீழ்ப்பாதிக்கும் ஆடம்பரமற்ற மேற்பாதிக்கும் உள்ள வேறுபாடு தூரத்திலிருந்தே தெரியும். கீழ்ப்பாதி அரசருக்காகவும் மேற்பாதி மாலுமிக்காகவும் கட்டப்பட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. எனக்குப் பிடித்தது மேற்பாதிதான்.

கேள்வி: ஃபிரெனெல் வில்லை முதன்முதலில் பொருத்தப்பட்டது அங்கேதானா? அதில் என்ன புதுமை?
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: ஆம், 1823 ஜூலையில். விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, பெரும்பகுதி வானத்துக்கும் தரைக்குமே வீணாகப் போய்விடும். அதைக் கடலை நோக்கித் திருப்பப் பெரிய வில்லை வேண்டும். அதை ஒரே கண்ணாடியாக வார்த்தால், எடை தாங்காது என்பதோடு, அதன் தடிமனே ஒளியை விழுங்கிவிடும். ஒளியை வளைப்பது கண்ணாடிப் பரப்பின் சாய்வுதான், உள்ளிருக்கும் தடிமன் அன்று என்பதைப் பயன்படுத்திக்கொண்ட பிரெஞ்சு இயற்பியலாளர் ஒகுஸ்தேன் ஃபிரெனெல், நடுவில் ஒரு வில்லையும் அதைச் சுற்றி வளையம் வளையமாகச் சாய்வான கண்ணாடித் துண்டுகளையும் அடுக்கினார். விரைவில் உலகெங்கும் பரவிய இந்த அமைப்பு, முன்பு ஒளி மங்கலென்று மாலுமிகள் குறைகூறிய அதே கோபுரத்தில்தான் முதலில் பொருத்தப்பட்டது.

கொர்துவான் 1862இலேயே பிரான்சின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் சேர்க்கப்பட்டது. 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. 2006இல் விளக்கு தானியங்கியாக்கப்பட்ட பின்னும் காவலர்கள் முறைவைத்து அங்கே தங்கிவருகிறார்கள். நீர் வற்றும் வேளை பார்த்து வரும் பார்வையாளர்களை வரவேற்பது இப்போது அவர்களுடைய வேலைகளுள் ஒன்று.