சண்டை வராத வீடு

வணக்கம் சார்,

நான் மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது. ஒரே அறை வீட்டில் நாங்கள் இருவர், 2 பிள்ளைகள், மாமியார். சத்தமாகப் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று சண்டையை விழுங்கி விழுங்கி, இப்போது சண்டையே வருவதில்லை. போன வருடம் ஊரில் என் தம்பி வீட்டுப் பால்காய்ப்புக்கு அவர் வரவில்லை. ஏன் என்றுகூட நான் கேட்கவில்லை. தோழிகள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். எனக்கோ பயமாக இருக்கிறது. அன்பு தீர்ந்துபோனால் இப்படித்தான் இருக்குமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

தீர்ந்துபோயிருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது. பால்காய்ப்புக்கு அவர் வராததை ஒரு வருடமாக மனதில் வைத்திருக்கிறீர்கள். வருவார் என்று எதிர்பார்த்த மனசு இன்னும் அப்படியே இருக்கிறது.

திருக்குறளின் 1330 குறள்களும் வந்து முடிகிற இடம் எது தெரியுமா? ஊடல். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரமும் பிணக்குதான். அதில் ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். உடனே, 'யார் நினைத்துத் தும்மினீர்?' என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் உஷாராகித் தும்மலை அடக்கிக்கொள்கிறான். 'உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?' என்று அதற்கும் அழுகை. பாவம், அவன் என்னதான் செய்வான்! ஆனால் அவளைப் பாருங்கள். அடக்கிய தும்மல்கூட அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. அவ்வளவு கவனம் அவன்மேல். உங்கள் வீட்டில் இருவருமே தும்மலை அடக்குகிறீர்கள், அதைக் கவனிக்கத்தான் ஆளில்லை. சண்டை இல்லாதது பற்றி எனக்குக் கவலையில்லை. இதுதான் கவலை.

அதே வள்ளுவர் ஊடலை உப்பு என்கிறார். கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். நீங்களோ உப்பே போடாமல் சமைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இது உங்கள் தப்பு இல்லை. கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க இன்னொரு அறை இல்லாத வீட்டில் யார்தான் ஊடுவார்கள்? மரைன் டிரைவில் ஊருக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் எல்லாரும் காதலர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் பேச முடியாததைப் பேச வந்த கணவன் மனைவியும் அதில் உண்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கை ஓங்கிவிடுவார் என்ற பயத்தில் வந்த மௌனமாக இருந்தால், நான் எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

அப்படி இல்லையென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்புங்கள். கடல்வரை போக முடியாவிட்டால் மாட்டுங்கா பக்கம் ஃபைவ் கார்டன்ஸ் போதும். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை எதையும் அங்கே எடுக்காதீர்கள். முதலில் பால்காய்ப்புக்கு ஏன் வரவில்லை என்று கேளுங்கள். குரல் உயர்ந்தால் உயரட்டும். அப்புறம் அவரைப் பேசவிடுங்கள். அவரும் இந்த 11 வருடத்தில் ஏதாவது ஒன்றை விழுங்கி வைத்திருப்பார். அதையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.