அங்கோர் வாட் பாக்க லோன் போடலாமா? கொடுங்கையூர்ல இருந்து ஒரு கேள்வி

கேள்வி: அண்ணா, நான் மணலி பக்கம் ஒரு கம்பெனில வேலை பாக்குறேன், கைக்கு 61,000 வருது, வீட்ல டியூஷன் எடுக்கறாங்க அது ஒரு 17,000. வீட்டு லோன் இஎம்ஐ 21,400. ஏரியால ஒரு அக்கா கிட்ட 2 லட்ச ரூபா சீட்டு, மாசம் 10,000, 20 மாசத்துல 9 கட்டியாச்சு. பொண்ணுக்கு 14 வயசு, வரலாறுன்னா உயிர், கம்போடியா அங்கோர் வாட் பாக்கணும்னு ரெண்டு வருஷமா கேக்குறா. நாங்க ரெண்டு பேர், எங்கம்மா (66), பொண்ணு, பையன் (10), மொத்தம் அஞ்சு பேர். ஒரு ஏஜென்ட் தலைக்கு 82,000 சொல்றாரு, டாக்ஸ் எல்லாம் சேத்து 4.5 லட்சம் ஆகும்னு சொல்றாரு. அடுத்த வருஷம் பொண்ணு பத்தாவது, அதனால இந்த மே தான் சான்ஸ்னு பர்சனல் லோன் போடலாம்னு இருக்கேன், 14% வட்டில 3 வருஷம். இல்லன்னா சீட்ட இப்பவே கழிவு விட்டு தள்ளி எடுக்கலாமா, இல்ல வீட்ல நகைய வச்சிடலாமான்னு யோசனை. கம்பெனில எல்டிஏ (லீவுல ஊருக்கு போற செலவுக்கு குடுக்கற அலவன்ஸ்) வேற இருக்கு, அத இதுக்கு க்ளெய்ம் பண்ண முடியுமா?

பதில்: தம்பி, முதல்ல ஒன்னு சொல்லிடறேன், இத படிக்கற பாதி பேர் "கொடுங்கையூர்ல இஎம்ஐ கட்டிக்கினு கம்போடியாவாம்"னு நெனப்பாங்க, நான் அந்த கட்சி இல்ல. பதினாலு வயசு பொண்ணு மால் கேக்கல, ஐபோன் கேக்கல, 900 வருஷத்து கோயில பாக்கணும்னு கேக்குது, கண்டிப்பா போங்க. ஆனா இந்த மே வேணாம், இந்த லோன் வேணவே வேணாம்.

கணக்கு போட்டுப் பாத்தேன். 4.5 லட்சம், 14%, 36 மாசம்னா இஎம்ஐ சுமார் 15,380 வரும். மூணு வருஷத்துல வட்டி மட்டும் 1,03,000க்கு மேல, ப்ராசஸிங் ஃபீஸ் 2% போட்டா ஜிஎஸ்டியோட இன்னொரு 10,600. வீட்டு லோன் 21,400, சீட்டு 10,000, இது 15,380, மொத்தம் கிட்டத்தட்ட 47,000. உங்க ரெண்டு பேர் வருமானம் 78,000ல நூத்துக்கு அறுபது ரூபா வீட்டு வாசல தாண்டறதுக்கு முன்னாடியே போயிடும். பையன் ஸ்கூல் ஃபீஸ் கட்டற ஜூன் மாசம் என்ன பண்ணுவீங்க? அப்புறம் சேட்டு கடைல ரெண்டு வட்டிக்கு நகை தான, அது வருஷத்துக்கு 24%. நகைய வைக்கறதுன்னா பேங்க்ல 9, 10 பர்சென்ட்டுக்கு வைக்கலாம், பர்சனல் லோனுக்கு அது எவ்வளவோ மேல், ஆனா அத ஆஸ்பத்திரி செலவுக்கு விட்டு வைங்க, டூருக்கு வேணாம்.

"அடுத்த வருஷம் பத்தாவது"ன்றது தான் உங்கள அவசரப்படுத்துது, அத திருப்பி போட்டு பாருங்க. பத்தாவது பப்ளிக் எக்ஸாம் ஏப்ரல் நடுவுக்குள்ள முடிஞ்சிடும், ரிசல்ட் மே மாசம் தான், பதினொன்னாவது ஜூன்ல. அந்த ஒரு மாசம் மாதிரி ஃப்ரீயான மாசம் ஸ்கூல் படிக்கற புள்ளைக்கு வேற கெடைக்காது, ஸ்பெஷல் கிளாஸ் கூட கெடயாது. இந்த மே போனீங்கன்னா ஒன்பதாவது முடிச்ச கையோட "பத்தாவது போர்ஷன் ஆரம்பிச்சிட்டாங்க"ன்னு ஸ்கூல் வாட்சப் குரூப்ல மெசேஜ் வந்துகினே இருக்கும், பொண்ணு கோயில் வாசல்ல நின்னு அத படிச்சிக்கினு இருக்கும். அடுத்த வருஷம் மே முதல் வாரம் வைங்க. ஏப்ரல் நடுவுல மட்டும் வேணாம், நம்ம சித்திரை ஒன்னு சமயத்துல தான் அவங்களுக்கும் கெமர் புத்தாண்டு, கூட்டமும் ரேட்டும் ஏறிடும்.

இப்ப துட்டு எங்கருந்து வரும்னு பாப்போம். சீட்ட இப்ப தள்ளி எடுக்காதீங்க. இந்த மாதிரி சீட்டுல பாதி கூட தாண்டாதப்ப எடுத்தா 38,000 வரைக்கும் தள்ளு போகும், கைக்கு 1,62,000 தான். கடைசி வரைக்கும் இருந்தா கமிஷன் 5% போக 1,90,000. வித்தியாசம் 28,000. இந்த நம்பர ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வரும். (அந்த அக்கா சீட்டு பதிவு பண்ணதான்னு மட்டும் கேளுங்க. 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு பண்ண சீட்டுல கமிஷன் 7%க்கு மேல எடுக்க முடியாது, பிரச்சனைன்னா போய் நிக்க ஒரு இடம் இருக்கும். பதிவு இல்லன்னா இது முடிஞ்சதும் அடுத்த சீட்டு சேராதீங்க.) மீதி 11 மாசம், டிசம்பர்ல முடியுது. கூடவே அடுத்த மாசத்துல இருந்து 9,000க்கு ஒரு வருஷ ஆர்டி (பேங்க்ல மாசாமாசம் போடற டெபாசிட்), 6.5% வட்டி கெடச்சா 1,11,800 மாதிரி வரும். ரெண்டும் சேந்தா 3 லட்சம் தாண்டும்.

3 லட்சத்துல அஞ்சு பேர் போக முடியுமான்னா முடியும், பேக்கேஜ் இல்லாம. சென்னைல இருந்து அங்கோர் வாட் பக்கத்து ஊரான சியம் ரீப்புக்கு கோலாலம்பூர் இல்ல பாங்காக்ல மாறித்தான் போகணும், மே மாசம்ன்றதால தலைக்கு 32,000 வச்சேன், 1,60,000. டாலர் 90 ரூபான்னு வச்சா, விசா ஆன் அரைவல் ஆளுக்கு 30 டாலர், 13,500. ரெண்டு ரூம் அஞ்சு நைட் 30,000, மே அங்க ஆஃப் சீசன், நல்ல ரூமே கெடைக்கும். சாப்பாடு 36,000. மூணு நாள் வேன் 13,500. புது ஏர்போர்ட் 2023 அக்டோபர்ல தொறந்தது, ஊர்ல இருந்து கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், அதுக்கு போக வர 6,300. டிராவல் இன்சூரன்ஸ் 5,000, அம்மாவுக்கு பிபி, சுகர் இருந்தா மறைக்காம சொல்லி எடுங்க. கோயிலுக்குள்ள போற டிக்கெட், அதான் அங்கோர் பாஸ், 22,300. கை செலவு ஒரு 20,000. எல்லாம் சேத்தா 3.07 லட்சம். தீபாவளி போனஸ்ல கொஞ்சம் தொட்டா சரியா போயிடும்.

அந்த பாஸ் விஷயத்துல தான் நான் அடி வாங்கினேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். அங்கோர் பாஸ் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. நானும் குடும்பத்தோட போனேன், ஃபிளைட்டுக்கு லட்சக்கணக்குல குடுத்துட்டு கவுன்டர்ல நின்னு ஆளுக்கு 25 டாலர் மிச்சம் புடிக்கறேன்னு ஒரு நாள் பாஸ் வாங்கினேன், ஃபைனான்ஸ் பாக்கற ஆளு பாருங்க. காலைல 5 மணிக்கு அங்கோர் வாட், அப்புறம் பாயோன் கோயில், பகல் ஒரு மணிக்கு தா ப்ரோம் கோயில்ல, மரத்து வேர் கோயில் மேல எறங்கி நிக்குமே அந்த இடத்துல, என் வீட்டுக்காரம்மா செருப்ப கழட்டி ஒரு கல்லு மேல வச்சிட்டு, "நீ வேணா போய் பாத்துட்டு வா, நான் இங்கயே உக்காந்திருக்கேன், எனக்கு எல்லா கல்லும் ஒரே கல்லா தெரியுது"ன்னாங்க. நம்ம அக்னி நட்சத்திரம் மாதிரியே தான் அங்க ஏப்ரல் மே வெயில். அந்த ஒரு வார்த்தைல மொத்த செலவும் வீண்.

அந்த 25 டாலர் மிச்சமே இல்ல தம்பி. மூணு நாள் பாஸ 10 நாளைக்குள்ள எந்த மூணு நாள் வேணா யூஸ் பண்ணலாம், நடுவுல ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கலாம். விடியக்காலைல போய் 10, 11க்குள்ள ரூமுக்கு வந்து தூங்கிட்டு சாயந்தரம் நாலு மணிக்கு திரும்ப போகலாம், அம்மா முட்டிக்கு அது தான் ஒரே வழி. மே கடைசி நெருங்க நெருங்க மத்தியானம் மழையும் வரும், அதுக்கும் இது சரி. முதல் நாள் சாயந்தரம் 5 மணிக்கு மேல வாங்கினா அன்னிக்கு சன்செட் பாக்கவும் விடுவாங்க, அடுத்த நாள்ல இருந்து தான் கணக்கு. 12 வயசுக்கு கீழ டிக்கெட் கெடயாது, அடுத்த மேல உங்க பையனுக்கு 11, கவுன்டர்ல பாஸ்போர்ட் காட்டணும். பொண்ணுக்கு ஃபுல் டிக்கெட். ஆக நாலு பேர், 248 டாலர், 22,320 ரூபா. மேல சொன்னேனே சீட்டுல மிச்சமாகற 28,000, இதுக்கு போக இன்னும் 5,700 மிச்சம்.

அந்த ஃப்ரீ டிக்கெட்டுக்கு ஒரு விலை இருக்கு. அங்கோர் வாட் நடு கோபுரத்து மேல் அடுக்குக்கு 12 வயசுக்கு கீழ இருக்கறவங்கள ஏத்த மாட்டாங்க, தோளும் முட்டியும் மூடின டிரெஸ் இல்லன்னாலும் இல்ல. பையன் அடம் புடிப்பான், இப்பவே சொல்லி வைங்க. படி செங்குத்தா இருக்கும், அம்மாவும் ஏற முடியாது. பேரனும் பாட்டியும் கீழ, கிழக்கு பக்க சுவர்ல பாற்கடல் கடையற சிற்பம் இருக்கு, கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம், அங்க நிக்கட்டும். ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், நடுவுல விஷ்ணு, வாசுகிய இழுக்கறாங்க. எங்கம்மா அந்த சுவர் முன்னாடி நின்னு ஆமைய தேடிக் கண்டுபுடிச்சாங்க, கைடு எதுவும் சொல்லல. பாட்டிய "கூட்டிட்டு போனா ஒரு டிக்கெட் செலவு"ன்னு கழிச்சிடாதீங்கன்றதுக்கு சொல்றேன்.

ஏஜென்ட் விஷயம். அவர் சொல்ற 4.1 லட்சத்துக்கு மேல 5% ஜிஎஸ்டி, அது போச்சு. அவர் போட்டிருக்கற இன்னொரு 5% டிசிஎஸ் (பேக்கேஜ் விக்கறவர் முன்கூட்டியே புடிக்கற வருமான வரி), சுமார் 21,500, இது உங்க காசு, ஆனா ஃபாரின் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரைக்கும் 5%ன்றது 2025 ஏப்ரல்ல வந்த ரூல், 2026 ஏப்ரல்ல இருந்து 2% தான். உங்க பேர்ல வரவாகும், ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) போடறப்ப திரும்ப வாங்கலாம், இல்ல ஆபீஸ்ல கணக்கு குடுத்தா சம்பளத்துல புடிக்கற டிடிஎஸ்ல கழிச்சுப்பாங்க. "டாக்ஸ் சார், வராது சார்"னு சொல்ற ஏஜென்ட்டுங்க இருக்காங்க. ஃபிளைட் டிக்கெட் மட்டும் தனியா, ஹோட்டல் தனியான்னு நீங்களே போட்டா அது பேக்கேஜே இல்ல, டிசிஎஸ்ஸும் இல்ல. ரேட் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஒருவேளை பேக்கேஜ் தான்னா அன்னிக்கு கேட்டுக்கோங்க.

எல்டிஏ கெடைக்காது. அந்த வரி விலக்கு இந்தியாக்குள்ள போற பயணத்துக்கு மட்டும் தான். வெளிநாட்ட நடுவுல சொருகி சுத்தி வந்து க்ளெய்ம் பண்ண ஒரு பேங்க் ஊழியர்கள் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2022 நவம்பர்ல முடியாதுன்னு தீர்ப்பே வந்துடுச்சு. எச்ஆர் ஃப்ரெண்டு "பாத்துக்கலாம் மச்சான்"னு சொன்னாலும் கேக்காதீங்க.

சில்லறை விஷயங்க வேகமா. சாதாரண கிரெடிட் கார்டுல வெளிநாட்டுல தேச்சா 3.5% மார்க்கப் (பேங்க் மேல போடற சார்ஜ்), அதுக்கு ஜிஎஸ்டி, லட்சத்துக்கு 4,130 ரூபா. மார்க்கப் இல்லாத கார்டு ஒன்னு இப்பவே அப்ளை பண்ணுங்க, மெஷின்ல "ரூபால கட்றீங்களா டாலர்லயா"ன்னு கேட்டா டாலர அமுக்குங்க. கைல கொஞ்சம் டாலர் வேணும், 1, 5, 10 நோட்டா, ஆர்பிஐ லைசென்ஸ் உள்ள மணி சேஞ்சர்ல பில்லோட வாங்குங்க, தெருவுல நின்னு மாத்தித்தரேன்றவங்க கிட்ட வேணாம். ஓரம் கிழிஞ்ச நோட்ட அங்க தொடமாட்டாங்க. சில்லறை ரியெல்ல குடுப்பாங்க, டாலருக்கு சுமார் 4,000. கம்போடியா போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல போடற இ-அரைவல் ஃபார்ம் ஃப்ரீ, அதுக்கு காசு கேக்கற சைட் டூப்பு.

ஏஜென்ட் பாங்காக்கயும் சேத்து சொல்லி பஸ்ல பார்டர் தாண்டலாம்னா நம்பாதீங்க, 2025ல தாய்லாந்து கம்போடியா எல்லைல சண்டை வந்து தரைவழி பார்டர மூடினாங்க. அதனால கேன்சல் பண்ண முடியற ஹோட்டலா போடுங்க, ஃபிளைட் ஜனவரில போடறப்ப வெளியுறவுத்துறை அட்வைசரி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு போடுங்க, சண்டையால வர்ற நஷ்டத்துக்கு பெரும்பாலான டிராவல் இன்சூரன்ஸ் காசு தராது. நெலம சரியில்லன்னா அதே துட்டுல பாதில இலங்கை, பொலன்னறுவைல சோழர் கட்டின சிவன் கோயில் இன்னும் நிக்குது, கொழும்புக்கு ஒன்றரை மணி நேர ஃபிளைட், பொண்ணு அதுக்கும் ஓகே சொல்லும்.

ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் மகாபலிபுரம் கூட்டிட்டு போயி காலைல ரெண்டு மணி நேரம் நடக்க வைங்க, அம்மா எவ்ளோ தூரம் தாங்கறாங்க, பையன் எத்தன நிமிஷத்துல ஐஸ்க்ரீம் கேக்கறான்னு தெரிஞ்சிடும், அத வச்சு தான் அங்க வேன் எத்தன நாள்னு முடிவு பண்ணணும்.

சம்பளம் 1ஆம் தேதி வருதுன்னா ஆர்டிய 3ஆம் தேதிக்கு போடுங்க, 10ஆம் தேதிக்கு போட்டா இருக்காது. பாஸ்போர்ட்டுக்கு இந்த மாசமே அமிஞ்சிக்கரைக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க, பெரியவங்களுக்கு 1,500, பசங்களுக்கு ஆளுக்கு 1,000, அறுபது தாண்டினதால அம்மாவுக்கு 10% தள்ளுபடி. அதுக்கு முன்னாடி அம்மாவோட ஆதார்லயும் ரேஷன் கார்டுலயும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கான்னு எடுத்து பாருங்க.