அழாத வீட்டுக்காரர்கிட்ட எப்படி பேசுறது?

கேள்வி: மாமனார் தவறி ஆறு மாசம் ஆச்சு. மூத்த பையன் என் வீட்டுக்காரர்தான், ஆனா ஒரு சொட்டு கண்ணீர் விடல. இப்ப பசங்க மேல சும்மா சும்மா எரிஞ்சு விழுறாரு, ராத்திரி தூக்கமில்ல, கேட்டா "ஒண்ணுமில்ல, நீ படு"ங்கிறாரு. அப்பா மேல பாசமே இல்லன்னு சொந்தக்காரங்க பேசுறாங்க. என்ன பண்ணட்டும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பாசம் இல்லாம இருக்காதும்மா. அந்த சாவு வீட்ட நெனச்சுப் பாருங்க, நீங்கல்லாம் உள்ள கட்டிப்புடிச்சு ஒப்பாரி வச்சிருப்பீங்க, அவரு வாசல்ல ஃப்ரீசர் பாக்ஸுக்கு போன் பண்ணிட்டு, பந்தலுக்கு காசு எண்ணிக் குடுத்துட்டு, மொட்டை போட்டு கொள்ளி வச்சுட்டு வந்தா "நீயே ஒடஞ்சு போனா அம்மாவ யாருப்பா பாக்குறது"ன்னு நாலு பெருசுங்க தோள்ல தட்டியிருப்பாங்க. அப்புறம் காரியம், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ். அந்த மனுஷனுக்கு அழ எங்க நேரம் குடுத்தோம்?

உள்ள அடக்குன துக்கம் ஆம்பளைங்ககிட்ட நெறைய நேரம் கோவமா, தூக்கமில்லாம, தலைவலி முதுகுவலின்னுதான் வெளிய வரும். நேரா உக்கார வச்சு "என்னாச்சு சொல்லுங்க"ன்னு கேட்டா வாய தொறக்க மாட்டாரு. வண்டில போறப்ப, மாடில துணி மடிக்கிறப்ப மாமனார் பேச்ச நீங்களே எடுங்க, அவருக்கு புடிச்ச சாப்பாடு, அவரு திட்டுன திட்டு, எதுவா இருந்தாலும் சரி. அவரு பேச ஆரம்பிச்சா அறிவுரை சொல்லாம கேளுங்க. முக்கியமா, அவரு அழுதத நாளைக்கு ஒரு சண்டைல குத்திக் காட்டிடாதீங்க, உங்க அம்மாகிட்ட கூட சொல்ல வேணாம். பல ஆம்பளைங்க வாய மூடிக்கிறதே ஒரு தடவ சொல்லி அவமானப்பட்டதாலதான்.

விராட் கோலியே 2022ல ஒரு மாசம் பேட்டைத் தொடாம இருந்தேன், மனசளவுல சோர்ந்து போயிருந்தேன்னு வெளிப்படையா சொன்னாரு. அத அவர்கிட்ட சும்மா பேச்சுவாக்குல சொல்லிப் பாருங்க.

குடி அதிகமானாலோ, "நான் இல்லாட்டி என்ன"ங்கிற மாதிரி பேசுனாலோ தள்ளிப் போடாதீங்க. 2022ல நம்ம நாட்டுல தற்கொலை பண்ணிக்கிட்ட 1,70,924 பேர்ல 1,22,724 பேர் ஆம்பளைங்க, இது அரசாங்கக் கணக்கு. உடனே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அவரு வரமாட்டேன்னா நீங்களே கூப்பிட்டு எப்படி பேசுறதுன்னு கேளுங்க.