கத்தோலிக்கப் பள்ளியில் நம் பிள்ளையும் தமிழ்ப் பாடமும்

கேள்வி: எங்கள் மகளை வரும் ஜனவரியில் வீட்டுக்கு அருகிலுள்ள கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்க்க எண்ணியுள்ளோம். நாங்கள் சைவக் குடும்பத்தினர். ஞானோபதேச (கத்தோலிக்க மதபோதனை) வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களோ, தமிழ் விட்டுப்போகுமோ என்று என் மாமியார் அஞ்சுகிறார். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: தங்கள் மாமியாரின் முதல் அச்சத்திற்குச் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. தான் சாராத மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளுமாறு எந்த மாணவரையும், சிறுவராயின் அவர்தம் பாதுகாவலரின் இசைவின்றி, எந்தக் கல்விக்கூடமும் கட்டாயப்படுத்தலாகாது என்று மொரீஷியஸ் அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு கூறுகிறது. மகளைச் சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், தயங்க வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைமாவட்டம் நடத்தினாலும் இவை அரசு உதவி பெறும் பள்ளிகள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படிக்கிறார்கள். 1841இல் இத்தீவுக்கு வந்து, விடுதலை பெற்ற அடிமைகளுக்காகவே வாழ்ந்த அருட்தந்தை லவாலின் கல்லறைக்குச் செப்டம்பர் மாதத்தில் நடந்து செல்லும் கூட்டத்தில் இந்துக்களும் உண்டு என்பதை மாமியார் அறிந்திருப்பார்.

தமிழைப் பற்றிய அச்சத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் அதற்குக் கத்தோலிக்கப் பள்ளியைக் காரணம் சொல்ல மாட்டேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி போன்ற மொழிகளுள் ஒன்றை விருப்பப் பாடமாகக் கொள்ளலாம். 2012 முதல், இத்தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோலும் அவற்றோடு சேர்ந்துள்ளது. வீட்டில் பேசுகிற மொழிதானே, சுமை குறையும் என்று கிரியோலைத் தேர்ந்துகொள்ளும் தமிழ்ப் பெற்றோரும் உண்டு. கிரியோலை நான் மதிக்கிறேன். ஆயினும் அதைப் பிள்ளை தெருவிலும் திண்ணையிலும் தானே கற்றுக்கொள்ளும். தமிழ் எழுத்தை அந்த வகுப்பைத் தவிர வேறு எங்கே கற்கும்? ஆகவே விருப்பப் பாடமாகத் தமிழையே குறிப்பிடுங்கள். தாங்கள் நினைத்துள்ள பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்பதையும் முன்னதாகவே கேட்டறியுங்கள். போதிய பிள்ளைகள் இல்லையென்றால், தெரிந்த குடும்பங்களோடு சேர்ந்து சென்று கேட்பது நல்லது.

தங்கள் மகள் ஆங்கிலப் புத்தகத்தில் கணக்குப் படித்து, அதன் விளக்கத்தைப் பிரெஞ்சிலோ கிரியோலிலோ கேட்டு, பிறகு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் உருவாக்கும் தமிழ்ப் பாடநூலைத் திறப்பாள். அதில் 'அம்மா' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் 'மாமான்' என்று தங்களை அழைப்பாள். பேச்சில் இல்லாத மொழியை எழுத்திலிருந்து தொடங்குவது ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடினமான வேலை. வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் அதற்குப் போதா. ரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்துத் தேவாரம் பாடும் வீடுகள் நம்மிடையே பல. அந்தப் பாட்டின் ஒரே ஒரு அடியைத் தமிழெழுத்தில் பெரிதாக எழுதிப் பூசையறையில் ஒட்டி, மாமியார் பாட, பேத்தி விரல் வைத்துத் தொடர்ந்து வாசிக்கட்டும். அஞ்சுகிறவரையே ஆசிரியராக்குவதுதான் நான் சொல்லக்கூடிய சிறந்த வழி.

கேள்வி: காவடி விரத நாட்களில் பள்ளியில் சிக்கல் வருமா?
– அதே வாசகி

பதில்: தைப்பூசத்தன்று நாடெங்கும் பொது விடுமுறை. அதற்கு முந்தைய விரத நாட்கள் பெரும்பாலும் பள்ளி தொடங்கிய முதல் வாரங்களில் வருவதால், மகள் சைவ உணவே உண்பாள் என்பதை வகுப்பாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி, மதிய உணவை வீட்டிலிருந்தே கட்டிக் கொடுங்கள்.